நோவென்னும் காவலன்

மாந்தர் வெறுக்கும் பொருள்களை நிரல்படுத்தி எழுதப்புகின், அந்நிரலின் தலையில் நிற்பது நோவாகவே இருக்கும். பல்வலியோ தலைவலியோ வந்துற்றபோது, நோவென்பதொன்று உலகில் இல்லாதிருப்பின் எத்துணை நலமாயிருக்கும் என்று எண்ணாதார் யாவர்? அவ்வெண்ணம் பெரும்பிழை என்பதை வெறுஞ் சொல்லாலன்றி ஆராய்ச்சியால் நிறுவியவர் பால் பிராண்டு என்னும் மருத்துவர். நரம்பு கெட்டு நோவுணர்ச்சியை இழந்த கையுங் காலும் எங்ஙனம் அழிகின்றன, கெட்ட நரம்பு மீண்டும் தளிர்க்குமா, தளிராதாயின் மனிதன் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே அவர் வாழ்நாள் சென்றது.

அவ்விடைகளை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் யாம் மருத்துவப் பொருளை எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். உணர்ச்சியற்ற தேமலொன்று உடலிற் கண்டவிடத்து அதனை மருத்துவர்க்குக் காட்டுவதா, ஊரார்க்கு அஞ்சி மறைப்பதா என்று முடிவு செய்பவர் மருத்துவரல்லர். நம்மைப் போன்ற வீட்டாரே ஆவர். ஆகலின் இப்பொருள் நமக்கும் உரியதே.

கொல்லிமலையின் மைந்தர்

யாம் பிறந்த கரடியூர், சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டையடுத்துக் காப்பித் தோட்டங்களுக்கிடையே அமைந்த சிற்றூர். அம்மலைக்குத் தென்கிழக்கே சமவெளியைக் கடந்தால் நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலையென்று தமிழ் மாணவர் அதனை நன்கறிவர். இவ்விரு மலைகளிலும் மலையாளிகள் என்று பெயர் வழங்கும் பழங்குடி மக்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அம்மக்களிடையே மருந்தும் கல்வியும் வழங்கித் தொண்டு செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலச் சமயத்தொண்டர்க்கு 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்த மகனே பால் பிராண்டு.

அவர் சிறுவராயிருந்த காலத்தில் ஒருநாள் தொழுநோயாளர் மூவர் மலையேறி வந்தனர். தந்தையார் கையுறை அணிந்து, அவர்தம் காற்புண்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். பிள்ளைகளை மட்டும் அணுகவொட்டாது தடுத்துவிட்டார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டில் பால் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ஆம் ஆண்டில் தந்தையார் கொடுங்காய்ச்சலுற்று மலையிலேயே உயிர் துறந்தார். அன்னையாரோ அதன்பின்னும் மலைமக்களை விட்டகலாது, முதுமையிலும் மலைதோறுஞ் சென்று தொண்டாற்றி, 1974ஆம் ஆண்டில் தமது 95ஆம் அகவையிற் காலஞ்சென்றார்.

இளைஞர் பால் முதலில் விரும்பியது மருத்துவத்தை அன்று, கட்டடத் தொழிலையே. தச்சும் கொத்தும் சில ஆண்டுகள் கைப்படக் கற்றார். இத்தொழிற் பயிற்சி பின்னர் எவ்வளவு உதவிற்று என்பதை இனிக் காண்போம். அதன்பின் இலண்டனில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப்போரிற் குண்டுவீச்சால் ஊறுபட்டோர்க்கு அறுவை மருத்துவம் புரிந்து, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராய் வந்து சேர்ந்தார்.

திருமணியில் எழுந்த வினா

1947ஆம் ஆண்டில் அவர், செங்கற்பட்டையடுத்த திருமணியிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அந்நோயை நன்கு ஆராய்ந்தவரான ராபர்ட் காக்ரேன் அங்கே அவரை அழைத்துச் சென்று நோயாளரைக் காட்டினார். விரல்கள் பருந்தின் உகிர்போல் உள்நோக்கி மடங்கியிருந்த கைகளைக் கண்ட பிராண்டு, இவை இங்ஙனம் ஆவதேன் என வினவினார். எலும்பு மருத்துவத்தில் வல்லோர் ஒருவரேனும் இதுகாறும் அதனை ஆராய முன்வரவில்லை என்பதே காக்ரேன் அளித்த விடை. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களை வருத்திய நோய், அதனாற் கைகெட்டோர் இலக்கக்கணக்கினர். எனினும் அக்கையைத் தொட்டு ஆராய்ந்தார் அரியர்.

பிராண்டு இளைஞர் ஒருவரின் மடங்கிய கையிலே தம் கையை வைத்து, வலிந்து பற்றுமாறு வேண்டினார். வலியற்றதென எண்ணிய அக்கை அவர் விரல்களை நெரித்துவிட்டது! ஆயின் அக்கையில் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில செயலற்றன, சில முழுவன்மையோடு இருந்தன. எவை இழந்தன, எவை இழந்தில என்பதற்கு ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும். அவ்வொழுங்கைத் தேடியதே அவர் ஆராய்ச்சியின் தொடக்கம்.

நரம்பின் இயல்பு

மேற்செல்லுமுன் நரம்பு என்னுஞ் சொல்லைத் தெளிதல் நன்று. யாழின் தந்தியும் நரம்பெனப்படும். புறங்கையிற் புடைத்துத் தோன்றும் இரத்தக் குழாயையும் மக்கள் நரம்பென்றே வழங்குவர். மருத்துவர் கூறும் நரம்பு இவ்விரண்டும் அன்று. மூளையிலும் முதுகுத் தண்டிலும் இருந்து புறப்பட்டு உடலெங்கும் பரந்து, உணர்ச்சியை உள்ளே கொணர்வதும் ஏவலை வெளியே கொண்டுசெல்வதுமாகிய வெண்ணிற வடமே அது. அவ்வடத்தினுள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் உள. ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணுவின் நீண்ட கையாகும். அவ்விழைகளை உறைபோற் சுற்றிக் காப்பன ஷ்வான் உயிரணுக்கள்.

நரம்பை அறுத்தால் நேர்வது யாது? 1850ஆம் ஆண்டில் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பார் தவளையின் நாவிற்குச் செல்லும் நரம்பை அறுத்துப் பார்த்தார். வெட்டுக்கு அப்பாற்பட்ட பகுதி, வேரற்ற கொடிபோற் சிதைந்தது. தாயணுவோடு தொடர்புற்ற பகுதியோ அழியாது நின்றது. பின்னர் ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால், அந்நின்ற பகுதியின் நுனியிலிருந்து புதிய தளிர்கள் எழுந்து, பழைய உறையின் வழியே மீண்டும் வளர்ந்து செல்லுவதை விரித்துரைத்தார். நரம்பணுக்களின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் அவர்.

எனவே கையிலும் காலிலும் உள்ள நரம்பு தளிர்க்கும் ஆற்றல் உடையதே. ஆயினும் அதன் வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவினது. முழங்கையில் அறுந்த நரம்பு விரல்நுனி சேர 400 மில்லிமீட்டர் செல்லவேண்டுமாயின், ஓராண்டுக்கு மேலாகும். அதுகாறும் ஏவல் பெறாத தசை மெலிந்து நாராகி விடுதலுங் கூடும். மேலும் தளிர்க்கு வழிகாட்டப் பழைய உறை சிதையாதிருத்தல் வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனால் மடை திறந்தும் பயனென்?

கிருமியின் செயல்

தொழுநோயின் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அது சாபத்தாலும் தீவினையாலும் வருவதன்று, குலவழியாய் இறங்குவதுமன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது; உடலினுட்புகுந்து நோயாய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லும். அது குடிகொள்ள விரும்பும் இடம் நரம்பிழையைக் காக்கும் ஷ்வான் உயிரணுவே. காவலனையே முதலிற் கைக்கொள்ளும் பகைவனை ஒத்தது அது. அதனை எதிர்த்து உடல் செய்யும் போரினால் நரம்பு வீங்கி, உள்ளே வடுப்பட்டு, இழைகள் செல்லும் வழியே அடைபட்டுப்போகின்றது. கத்தியால் அறுந்த நரம்பினும் தொழுநோயாற் கெட்ட நரம்பு மீளுதல் அரிதாவது இதனாலேயே.

இறந்த நோயாளரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது பிராண்டு ஓர் உண்மையைக் கண்டார். நரம்பு எங்கும் ஒருபடியாய் வீங்கவில்லை. முழங்கையின் பின்புறம், மணிக்கட்டின் மேல், முழங்காலின் புறம், கணுக்கால் என, தோலையடுத்துச் செல்லும் இடங்களிலேயே வீங்கியிருந்தது. அவ்விடங்கள் உடலின் உட்பகுதியினுங் குளிர்ந்தவை. அக்குளிர்ச்சியையே கிருமி விரும்புகின்றது. முன்னர்த் தேடிய ஒழுங்கு இப்போது விளங்கிற்று. முழங்கைக்கு மேலேயே நரம்பிழை பெற்றுவிட்ட முன்கைத் தசைகள் பிழைத்தன. வீங்கிய இடத்துக்குக் கீழே நரம்பு பெறும் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழந்தன. விரலை நிமிர்த்துச் சமன்செய்யுந் தசை ஓய, மடக்குந் தசை மட்டும் இழுத்தமையால் விரல்கள் மடங்கின.

கையைத் திருத்திய கதை

கெட்ட நரம்பைத் தளிர்ப்பிக்க இயலாதாயின், கெடாத தசையைக் கொண்டு அதன் பணியைச் செய்வித்தால் என்ன? முன்கையில் வலியோடு எஞ்சியிருந்த தசையொன்றின் நாணை எடுத்து, உள்ளங்கை வழியே புகுத்தி, விரல்களோடு பிணைத்தார் பிராண்டு. பிற காரணத்தால் முடமான கைகளுக்கு இத்தகைய அறுவை முன்னரும் உண்டு; தொழுநோயாளர் தசை அறுவையைத் தாங்காது, அவர் புண் ஆறாது என்னும் எண்ணத்தால் அவர்க்கு மட்டும் அது மறுக்கப்பட்டிருந்தது. வேலூரிற் செய்த அறுவைகள் ஆறின. பல திங்கள் பயிற்சிக்குப்பின் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆயினும் திருந்திய கையோடு ஊர் திரும்பியவர்க்கு வேலை தருவார் இல்லை. இரத்தற்கு நீட்டிய கையும் இப்போது நலமுற்றுத் தோன்றியமையால் இடுவாரும் குறைந்தனர். ஆகவே வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிற்றூரமைப்புத் தோன்றியது. அங்கே நோயாளர் தச்சுத்தொழில் கற்று மரப்பொம்மைகள் செய்தனர். கற்பித்தவர் இளமையிற் கற்ற தச்சை மறவாத பிராண்டே.

புண்ணின் காரணம்

அந்நிலையத்திலேதான் அவர்தம் பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒருநாள் துருவேறிய பூட்டொன்றைத் திறக்கமாட்டாது அவர் நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கி எளிதாய்த் திருகினான். அவன் விரலினின்று குருதி சொட்டிற்று. நோக்கினால், சாவியின் விளிம்பு தசையைக் கிழித்து எலும்புவரை சென்றிருந்தது. அவனோ அதனை அறிந்திலன்! நோவுணர்ச்சியுடைய நாம் சாவி உறுத்தியவுடன் கையைத் தளர்த்திவிடுகின்றோம்; நம் வன்மைக்கு எல்லை வகுப்பது நோவு. அவ்வெல்லை அச்சிறுவனுக்கு இல்லை.

தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வன என்று மருத்துவரும் நம்பியிருந்தனர். பிராண்டு ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டுமெனக் கொண்டு நாள்தோறும் ஆராய்ந்தார். சுத்தியலின் பிடி, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரம், செருப்பினுட் கிடந்த ஆணி எனக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்பட்டன. இரவில் உறங்கச்சென்ற சிலர் காலையில் விரலிற் குறையோடு எழுந்தனர். விழித்திருந்து காத்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது. உறங்குவோர்க்கு நோவின்மையின் அவர் விழித்திலர். பூனை வளர்த்தவுடன் அக்கேடு நீங்கிற்று. காற்புண்ணை மாவுக்கட்டினாற் பொதிந்து அழுத்தந் தாக்காது வைத்தபோது, ஆறாப் புண்ணெனப்பட்டது பிறர் புண்போலவே ஆறிற்று. மெத்தென்ற நுண்துளை ரப்பராற் செய்த செருப்பு மீண்டும் புண் வாராமற் காத்தது. கெட்டது தசையன்று, காவலே என்பது ஐயந்திரிபற விளங்கியது.

இவ்வுண்மையின் மறுபக்கத்தை அவர் தம் உடலிலேயே உணர்ந்தார். ஒருமுறை நெடும்பயணஞ் செய்து இங்கிலாந்து சேர்ந்த இரவில், தம் குதிகாலில் உணர்ச்சியில்லை என்று கண்டார். ஊசியாற் குத்தினார், நோகவில்லை. தமக்கும் அந்நோய் பற்றிவிட்டதெனத் துணிந்து இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டுங் குத்தினார், நோவு பாய்ந்தது! நெடுநேரம் அமர்ந்திருந்தமையால் நரம்பொன்று அழுந்தி மரத்திருந்ததே யன்றி வேறில்லை. நோவுற்று இறைவனுக்கு நன்றி கூறியவர் உலகில் மிகச் சிலரே. அவருள் ஒருவரானார் அவர்.

1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் லூயிசியானா நாட்டிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, இழந்த நோவுக்கு ஈடாக ஒரு பொறி செய்ய முயன்றனர். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் நுண்கருவிகளைப் பொருத்தி, எல்லை மீறின் ஒலியாலும், பின்னர் மின்னதிர்ச்சியாலும் எச்சரிக்கச் செய்தனர். முயற்சி பயன்படவில்லை. கருவி எச்சரித்தபோதும், எடுத்த வேலையை முடிக்க விரும்பியவர் அதனை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். நோவு நம் விருப்பத்திற்கு அடங்காதிருத்தலே அதன் சிறப்பென்பதை இத்தோல்வி கற்பித்தது. எனினும் அங்கே நிகழ்ந்த பாத ஆராய்ச்சி வீண்போகவில்லை. நீரிழிவினால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போவோர்க்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் பாதக்காப்பு முறைகள் பல அதன் பயனே. பிராண்டு 2003ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் காலமானார்.

தளிராத தண்டும் தளிர்க்கும் வழியும்

அவர்தம் வேலூர் மாணாக்கருள் மேரி வர்கீஸ் அம்மையாரை இங்குக் குறித்தல் வேண்டும். கேரளத்திற் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954ஆம் ஆண்டில் ஊர்தி விபத்தொன்றில் முதுகுத் தண்டு ஊறுபட்டு இடுப்பின்கீழ் உணர்வும் இயக்கமும் இழந்தார். கையின் நரம்பு தளிர்க்கும். முதுகுத் தண்டின் நரம்பிழையோ அறுந்தால் மீண்டும் தளிர்த்து ஊரினைச் சேர்வதில்லை. மருத்துவப் பணி முடிந்ததென்று பிறர் எண்ணிய வேளையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்யலாமென ஊக்கினார் பிராண்டு. அம்மையார் அங்ஙனமே செய்தார். பின்னர் அமெரிக்காவிற் பயிற்சி பெற்று மீண்டு, உடல் ஊறுபட்டோரை வாழ்வில் நிலைநிறுத்தும் மருத்துவத் துறையை 1963ஆம் ஆண்டில் வேலூரில் ஏற்று நடத்தினார். கால் இழந்தவர் கை இழந்தவர்க்குக் கை கொடுத்த செய்தி இதுவாம்.

முதுகுத் தண்டு தளிராமைக்குக் காரணம் இழையின் வலியின்மையா, சூழலின் கொடுமையா? 1981ஆம் ஆண்டில் கானடாவின் மான்ட்ரீல் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்னும் இருவர், எலியின் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டை அதன் தண்டுக்குப் பாலமாக வைத்தனர். தளிராதென்றிருந்த இழைகள் அப்பாலத்தினுள் நெடுந்தூரம் வளர்ந்தன. குறை பெரும்பாலும் வித்தில் அன்று, நிலத்தில் என்பது போந்தது. அந்நிலத்தைப் பண்படுத்தும் முயற்சி இன்னும் நடைபெறுகின்றது.

தொழுநோய்க் கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. இலங்கையைச் சேர்ந்த அனுர ரம்புக்கன என்னும் அறிஞர், அக்கிருமி ஷ்வான் உயிரணுவின் எப்பொருளைப் பற்றிக்கொண்டு நுழைகின்றது என்பதை 1998ஆம் ஆண்டில் தம் தோழரோடு கண்டறிந்தார். 2013ஆம் ஆண்டில் அவர்தம் குழுவினர் வெளியிட்ட செய்தி வியத்தற்குரியது. கிருமி புகுந்த ஷ்வான் உயிரணு தன் முதிர்ச்சியைத் துறந்து, வேறு உருவும் எடுக்கவல்ல இளவணுவின் தன்மையை அடைகின்றதென்பதை அவர்கள் எலியின் உயிரணுக்களிற் காட்டினர். பகைவன் கையாளும் அச்சூழ்ச்சியையே நரம்பைப் புதுப்பிக்கும் வழியாக்கலாமோ என்று அறிஞர் ஆராய்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

இன்று தொழுநோய் தீரும் நோய். ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளை ஆறு அல்லது பன்னிரண்டு திங்கள் உட்கொண்டாற் கிருமி ஒழியும். அரசினர் மருத்துவமனைகளில் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் என்னும் அச்சமும் தேவையில்லை. அவ்வாறிருந்தும் 2023ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,82,000 பேரில் 1,07,000க்கு மேற்பட்டோர் நம் நாட்டினர்.

மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றிச் செத்த நரம்பை எழுப்பாது. நரம்பு உணர்விழந்து ஆறு திங்களுக்குள் கண்டுகொண்டால் பிரெட்னிசோலோன் என்னும் மருந்தால் அது மீளக்கூடும். காலந் தாழ்த்தால் மீளுதல் அரிது. ஆதலின் நரம்பைக் காப்பதும் கெடுப்பதும் மருத்துவர் கையினும் காலத்தின் கையில் உள்ளன. அக்காலத்தை வீணாக்குவது நாணம். வெளுத்தோ சிவந்தோ தோன்றும் தேமல் அரிக்கவுமில்லை, நோகவுமில்லை; பஞ்சால் தொட்டால் தெரியவுமில்லை. நோவாத ஒன்றுக்கு மருத்துவரை நாடுவார் யார்? மலைத்தோட்டத்திற் கூலிவேலை செய்வார் அரைநாட் கூலியை இழந்து இறங்கிச் செல்வதற்கு நோவொன்றே தூண்டுகோல். இந்நோயோ அத்தூண்டுகோலையே முதலிற் பறித்துக்கொள்கின்றது. உறவினர் அறியின் திருமணம் தடைப்படும், ஊரார் அறியின் தண்ணீர்த்துறை விலக்கப்படும் என்னும் அச்சமும் உடன்சேர, தேமல் மேலாடையின்கீழ் மறைகின்றது, திங்கள்கள் கழிகின்றன, ஒருநாள் விரல் மடங்குகின்றது. இவ்வச்சத்துக்குச் சட்டமும் ஒருகாலத்தில் துணைநின்றது. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்ட விதிகள் 2019ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டன.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ அன்பர்காள்! நம்மால் அறுவை செய்ய இயலாது. நரம்பைத் தளிர்ப்பிக்கவும் இயலாது. ஆயினும் நம் பாட்டிமார்க்கும் தோழர்க்கும், உணர்ச்சியற்ற தேமல் நாணத்தக்கதன்று, விரைந்து காட்டத்தக்கது என்று எடுத்துக் கூற இயலும். காட்டியவரோடு ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே கலத்து நீர் பருகவும் இயலும். நரம்பு இழந்த கைக்கு நோவென்னும் காவலன் இல்லை. அக்காவலனுக்கு ஈடாகப் பொறி செய்ய முயன்று அறிஞரும் தோற்றனர். அண்டையில் வாழும் மனிதர் கண்ணாயிருந்து காத்தலே இன்றுங் கிடைக்கும் ஈடு.